இடிபாடு, ஸிப்லைன், மத்தியானச் சாப்பாடு

கன்கூனுக்குப் போகிற எங்கட ஆட்களுக்கு இப்போது குறைவில்லை. ஸ்காபரோவிலும் மொன்றியலிலும் இருக்கிற மச்சான்மார், சித்திமார் பனி கொட்டத் தொடங்கியவுடன் ஏழு நாள் 'எல்லாம் அடக்கம்' பக்கேஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு மெக்சிக்கோவின் கரீபியன் கரையில் இறங்கிவிடுகிறார்கள். நாலு நாள் கடலும் வெயிலும். ஐந்தாம் நாள் அலுப்புத் தட்டும். அப்பதான் எங்களுக்கு வட்ஸ்அப் வரும்: "நீங்கள் வரலாறு, தொல்லியல் எண்டு படிக்கிற பிள்ளையள்தானே, இதில எந்த ரூர் நல்லம் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ." கீழே நாலைந்து லிங்க். எதைத் திறந்தாலும் ஒரே சாமான்தான். காலையில் மாயா இடிபாடு, மத்தியானம் பஃபே சாப்பாடு, பின்னேரம் காட்டுக்கு மேலால் கம்பியில் தொங்கிப் பறக்கிற ஸிப்லைன், முடிவில் ஒரு குகைக் கேணியில் குளிப்பு. நாகரிகமும் சாகசமும் ஒரே நாளில், ஒரே ரிக்கெற்றில்.

தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனோம். எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறோம். நாங்கள் கன்கூனைக் கண்ணால் கண்டதில்லை. எங்கட பாஸ்போட்டும் மகாபொலக் காசும் அவ்வளவு தூரத்துக்கு இழுக்காது. ஆனால் ஒரு ரூரைத் தெரிவுசெய்வது அதன் விளம்பரத்தை வாசிப்பதில்தான் தொடங்குகிறது. ஒரு பந்தியைத் தந்தால் அதில் யார் பேசுகிறார், யாருடைய பேச்சு விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் கலைப்பீடத்தில் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். (கலைப்பீடம் படிச்சு என்ன பிரயோசனம் எண்டு வீட்டில கேக்கினம். இதுதான்.)

முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கோ. கன்கூனிலிருந்து சிச்சென் இட்சாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஹொட்டேல் ஹொட்டேலாக ஆட்களை ஏற்றி முடிக்கவே விடிஞ்சு வெயில் ஏறிவிடும். பஸ் போய்ச் சேருகிற நேரம் மற்ற எல்லா பஸ்ஸும் வந்து சேருகிற நேரம். உள்ளே ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மணித்தியாலம். குக்குல்கான் கோயிலுக்கு முன்னால் வழிகாட்டி கை தட்டுவார், எதிரொலி குயெட்சல் பறவை கத்துகிற மாதிரிக் கேட்கும், எல்லாரும் தட்டுவினம். நாலு பக்கமும் 91 படி, மேலே ஒன்று, மொத்தம் 365 என்று சொல்லுவார். பிறகு 'அரை மணித்தியாலம் சும்மா சுத்திப் பாருங்கோ'. பன்னிரண்டு மணித்தியால நாளில் மாயா மக்களுக்கு ஒதுக்கின பங்கு அவ்வளவுதான். மிச்சம் பஸ், பஃபே, கடை, கேணி. இடிபாடு இந்த ரூரின் காரணமாக இருக்கவில்லை. அது ரூரின் அட்டைப்படம்.

நேரம் குறைவு என்பதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு மணித்தியாலத்தில் உண்மை சொல்லலாம். என்ன சொல்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம். அநேகமான விளம்பரங்களில் ஒரு வசனம் இருக்கும்: 'மர்மமான முறையில் காணாமல் போன மாயர்களின் தொலைந்த நகரம்.'

காணாமல் போன.

இந்தச் சொல்லை எங்களிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரக் கொட்டகைகளில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வருசக்கணக்காக இருக்கிற அம்மாக்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. பிள்ளைகள் தாங்களாகப் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுது என்கிறார்கள். ஒரு வினைச்சொல் மாறினால் குற்றவாளி மறைந்துவிடுவான் என்பது எங்கட மொழியில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்தக் காதோடு மாயா விளம்பரத்தை வாசியுங்கோ.

யார் காணாமல் போனார்கள்? 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் தெற்குத் தாழ்நிலத்தின் பெரிய நகரங்கள் பல கைவிடப்பட்டது உண்மை. போர், நீண்ட வரட்சி, அரசர்கள்மேல் நம்பிக்கை உடைந்தது என்று காரணங்களைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் ஒரு நகரம் கைவிடப்படுவது வேறு, ஒரு சனம் இல்லாமல் போவது வேறு. வடக்கில் சிச்சென் இட்சா அதற்குப் பிறகுதான் உச்சத்துக்கு வந்தது. குவாத்தமாலாவின் பெத்தேன் ஏரியில் நோஹ்பெத்தேன் என்ற தீவு நகரில் இட்சா மாயர்களின் அரசு 1697 வரைக்கும் ஸ்பெயினுக்குப் பணியாமல் நின்றது. திக்கால் பார்க்கப் போகிற சுற்றுலாப் பயணிகள் படுத்தெழும்புகிற ஃபுளோரெஸ் தீவு அதே தீவுதான். கடைசி மாயா அரசின் தலைநகரில் படுத்தெழும்பிவிட்டு, 'தொலைந்த' மாயர்களைத் தேடி விடியக்காலை பஸ் ஏறுகிறார்கள்.

துலுமை எடுங்கோ. கடலோரப் பாறையில் நிற்கிற அந்த அழகான இடிபாடு இல்லாத கன்கூன் விளம்பரம் இல்லை. 1847இல் யுக்காத்தான் மாயர்கள் நிலத்துக்காகவும் வரிக்கு எதிராகவும் ஆயுதம் தூக்கினார்கள். 'சாதிப் போர்' என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் போர் 1901இல் மெக்சிக்கோ இராணுவம் சான் சாந்தா குரூஸைப் பிடிக்கும்வரை நடந்தது. ஐம்பது வருசத்துக்கு மேல். பிடிபட்ட மாயர்களைக் கூட்டமாகக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள். இந்தப் பக்கம் பிரித்தானிய ஹொண்டுராஸிலிருந்து, அதாவது இன்றைய பெலீஸிலிருந்து, வியாபாரிகள் மாயர்களுக்குத் துவக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில் துலும் கிளர்ச்சிக்காரரின் புனிதத் தலம். அங்கே பேசும் சிலுவை ஒன்று இருந்தது, மரியா உய்காப் என்ற பெண் அதன் தலைவியாக இருந்தார். வழிகாட்டி சொல்லுகிற 'ஆயிரம் வருசத்துக்கு முன் மறைந்த' மாயர்கள் எங்கட பூட்டன்மார் காலத்தில் அந்தச் சுவர்களுக்குள் நின்று ஒரு அரசோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

குவாத்தமாலாவில் இன்னும் கிட்ட வருகிறது. 1960 தொடக்கம் 1996 வரையான உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் 2 இலட்சத்துக்கு மேல் என்று ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணைக்குழு 1999இல் அறிக்கை வைத்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 வீதம் மாயர்கள். 2013 மே மாதம் முன்னாள் இராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மொன்த் இஷில் மாயர்களுக்கு எதிரான இனப்படுகொலைக்காகத் தன் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். பத்து நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இல்லாமல் செய்தது. இந்தக் கதையை வாசிக்கிற எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. அதே நாட்டின் திக்கால் ரூர் விளம்பரத்தில் 'மாயர்கள் எங்கே போனார்கள்?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தால், அது மர்மக் கதை இல்லை, அது மறைப்பு.

இங்கே எங்கட ஆட்களுக்கும் ஒரு அடி போடாமல் விட ஏலாது. தமிழ் யூடியூப்பில் 'மாயன்' என்று தேடிப் பாருங்கோ. மாயர்கள் தமிழர்தானாம். தேவலோகச் சிற்பி மயன்தான் மாயனாம். பிரமிட்டுக்கும் கோபுரத்துக்கும் ஒரே கணக்காம். பின்னணியில் உடுக்கு அடிக்கிற சத்தம். இலட்சக்கணக்கில் பார்க்கிறார்கள், கீழே 'தமிழன்டா' என்று கொமென்ற். மாயா என்பது யுக்காத்தான் மண்ணின் சொல். மாயப்பான் என்ற அவர்களுடைய பழைய நகரத்தின் பெயரிலும் அது கிடக்கிறது. ஓசை ஒத்துப்போனதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. மெக்சிக்கோவில் மட்டும் யுக்காத்தான் மாயா மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் 7 இலட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். குவாத்தமாலாவில் அரசு ஏற்றுக்கொண்ட மாயா மொழிகள் 22. அவர்களிடம் போய் 'உங்கட பாட்டன் கட்டினதை எங்கட பாட்டன் கட்டினவர்' என்று சொல்லுவீங்களோ? எங்கட தொல்லியல் இடங்களில் பலகை மாறினால் மட்டும் தெருவுக்கு வாறம். விளம்பரக்காரன் மாயர்களைக் காணாமல் ஆக்கினான் என்றால், எங்கட யூடியூப்காரன் அவர்களின் முதுசத்துக்கு உறுதி எழுதி எடுக்கிறான்.

சரி, அப்ப என்ன செய்யிறது? ரூரே போகவேண்டாமா? சாகசம் எல்லாம் வெள்ளைக்காரன் கூத்தா?

இல்லை. இந்த இடத்தில் எங்கட வட்டத்துக்குள்ளே இருக்கிற சில 'தூய்மைவாதிகளோடு' நாங்கள் உடன்படவில்லை. இடிபாட்டுக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்குவது அநாகரிகம், வரலாற்றைக் கைகட்டி நின்றுதான் பார்க்கவேணும் என்கிறார்கள். சிச்சென் இட்சாவில் பந்து விளையாடுகிற திடல் மட்டும் 168 மீற்றர் நீளம். அது சந்தையும் கூச்சலும் யாத்திரைக் கூட்டமும் நிறைந்த ஊர். அங்கே நின்று சத்தம் போட்டுச் சிரிப்பதால் யாரும் அவமதிக்கப்படப் போவதில்லை. ஸிப்லைனில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கம்பியின் இரண்டு நுனியும் யாருடைய நிலத்தில் கட்டியிருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

புன்தா லகூனா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, கோபா இடிபாட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அங்கே சிலந்திக் குரங்குகள் வாழ்கிற காட்டை யுக்காத்தான் மாயர்கள் தாங்களே காத்து, 2002இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கச் செய்தார்கள். அதன் பெயரே மாயா மொழியில்தான்: ஒட்டோச் மாஆஷ் யெட்டெல் கோ, குரங்கினதும் பூமாவினதும் வீடு. ஊர்க் கூட்டுறவு வழிகாட்டுகிறது. ஏரியில் வள்ளம் விடலாம். ஏரிக்கு மேலால் ஸிப்லைன் இருக்கிறது. கயிறு கட்டிக் கேணிக்குள் இறங்கலாம். காட்டுக்குள் சின்ன இடிபாடுகளும் கிடக்கின்றன. கன்கூன் பக்கேஜில் இருக்கிற அதே நாலு சாமான். வித்தியாசம், இங்கே காசு வாங்குகிற கையும் காட்டைக் காக்கிற கையும் ஒன்று. கோபாவிலும் இடிபாட்டுக்குள் முச்சக்கர சைக்கிள் மிதிக்கிறவர்கள் அந்த ஊர்க்காரர். பக்கத்தில் இருக்கிற சோ-ஹா, தம்கச்-ஹா, முல்தூன்-ஹா கேணிகளும் அந்த ஊரின் பொது நிலத்தில்தான்.

இந்தப் பொது நிலத்துக்கு மெக்சிக்கோவில் 'எஹிதோ' என்று பெயர். புரட்சிக்குப் பிறகு கிராமங்களுக்குக் கூட்டாகக் கொடுக்கப்பட்ட காணி. 1992இல் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையைத் திருத்தி, அதைப் பிரித்து விற்க வழி விட்டார்கள். அதற்குப் பிறகு கரையோரமாக எவ்வளவு காணி ஹொட்டேல்காரன் கைக்குப் போனது என்பதைத் துலுமைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். ஆகவே ஒரு ரூரில் 'தனியார் கேணி', 'பிரத்தியேக காட்டுப் பூங்கா' என்று பெருமையாகப் போட்டிருந்தால், அந்தப் பெருமை யாரிடமிருந்து கை மாறியது என்று கேளுங்கோ. சிச்சென் இட்சா மட்டும் விதிவிலக்கா? 1894 வாக்கில் எட்வேர்ட் தொம்சன் என்ற அமெரிக்கக் கொன்சல் அந்தத் தோட்டத்தையே வாங்கினார், இடிபாடும் சேர்த்து. புனிதக் கேணியை வாளி போட்டுத் தோண்டி, பொன்னையும் பச்சைக்கல்லையும் எலும்பையும் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவை ஹாவர்ட்டின் பீபொடி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. யுனெஸ்கோ 1988இல் அதை உலக மரபுரிமை என்று அறிவித்தபோதும் நிலம் ஒரு தனியார் குடும்பத்தின் கையில் இருந்தது. 2010இல்தான் யுக்காத்தான் மாநில அரசு அதை வாங்கியது.

'எப்படியோ அந்தச் சனத்துக்கு வருமானம் தானே' என்பார்கள் மச்சான்மார். இந்த வாதத்தைத்தான் நாங்கள் அதிகம் கேட்டிருக்கிறோம், அதிகம் வெறுக்கிறோம். சிச்சென் இட்சாவுக்குள் பாதையோரம் மரச் சிற்பம், முகமூடி, துணி விற்கிற நூற்றுக்கணக்கான மாயர்கள் இருக்கிறார்கள். பிஸ்தே போன்ற சுற்றுவட்டக் கிராமத்துச் சனம். தங்கட முன்னோர் கட்டின இடத்தில் விற்கிற இவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று அதிகாரிகள் பேசிவந்திருக்கிறார்கள். பஸ் வழிகாட்டி 'உள்ளே வாங்காதீங்கோ, போலிச் சாமான்' என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் ஒரு பெரிய குளிரூட்டிய கடையில் முக்கால் மணித்தியாலம் நிற்பாட்டுவது பழகிப்போன ஏற்பாடு. அங்கே ஒருவர் இறகுத் தலைப்பாகையோடு புகை போட்டு 'மாயா ஆசீர்வாதம்' தருவார். மாயா ஊர்களில் உண்மையாகவே சடங்கு செய்கிற ஹ்-மென் என்ற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மழை வேண்டி 'சா சாக்' சடங்கு செய்கிறார்கள், சோளத்துக்கு மழை வேணும் என்பதற்காக. அதற்கு ரிக்கெற் இல்லை. வருமானம் வருமானம் என்கிறவர், அந்த நாளில் செலவழிக்கிற காசு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பார்க்கட்டும்.

கேணியைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கொஞ்சம் நின்று வாசியுங்கோ. ஸ்பானியர் 'ஸெனோத்தே' என்பது மாயாவின் 'ட்ஸோனோத்' என்ற சொல்லைத்தான். யுக்காத்தான் வடக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல். தரைக்கு மேல் ஆறு இல்லை. மழை கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே குகைகளாக ஓடுகிறது. கூரை இடிந்த இடத்தில் கேணி திறக்கிறது. எங்கட குடாநாடும் இதே கல், இதே ஆறில்லாத நிலம். எங்கட நிலாவரை அவர்களுடைய ஸெனோத்தேயின் சின்னத் தங்கச்சி. ஆகவே சுண்ணாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் வந்தபோது எங்களுக்கு விளங்கினது அவர்களுக்கும் விளங்கும்: ஒரு கிணற்றில் ஊற்றினது ஒரு கிணற்றோடு நிற்காது. துலும் பக்கத்தில் சாக் அக்தூன் என்ற ஒரே நீரடிக் குகைத் தொகுதி மட்டும் 340 கிலோமீற்றருக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான உடம்பின் சன்கிறீம் அந்தத் தண்ணிக்குள்தான் கரைகிறது. ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் நீளத்துக்கு 'மாயா ரயில்' என்று ஒன்றைப் போட்டு 2023 டிசெம்பரில் ஓடவும் விட்டார்கள். கன்கூனுக்கும் துலுமுக்கும் இடையில் அதைத் தாங்க ஆயிரக்கணக்கான இரும்புத் தூண்கள், குகைக் கூரைகளைத் துளைத்துக்கொண்டு தண்ணிக்குள் இறங்கி நிற்கின்றன. பெயர் மட்டும் மாயா. நல்ல ரூர்க்காரன் கேணியில் இறங்க முன்னம் உங்களைக் குளிக்கச் சொல்லுவான், கிறீம் பூசாதே என்பான். சொல்லாதவனோடு போகாதீங்கோ.

எங்களுக்குள் சண்டை வந்த இடம் ஒன்றும் இருக்கிறது. பெலீஸின் சான் இக்னாசியோ பக்கம், அக்தூன் துனிச்சில் முக்னால் என்ற குகை. இடிபாடும் சாகசமும் பிரிக்க ஏலாமல் ஒன்றாக இருக்கிற இடம் அது. காட்டால் நடந்து, ஆற்றைக் கடந்து, குகை வாயிலில் நீந்தி, இருட்டில் கழுத்தளவு தண்ணிக்குள்ளால் போகவேணும். மேல் மண்டபத்தில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு நடக்கவேணும். அங்கே பானைகள், ஆயிரம் வருசத்துக்கு மேலாகக் கிடக்கிற இடத்திலேயே. குறைந்தது 14 பேரின் எலும்புகளும். சுண்ணாம்பு படிந்து மினுங்குகிற ஒரு முழு எலும்புக்கூட்டுக்குப் 'பளிங்குக் கன்னி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஒரு இளைஞனாகவும் இருக்கலாம் என்று பிறகு சொல்லப்பட்டது, ஆனால் கன்னி என்றால்தானே ரிக்கெற் விற்கும். அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை. 2012இல் ஒரு சுற்றுலாப் பயணியின் கமெரா விழுந்து ஒரு மண்டையோடு உடைந்தது. அன்றிலிருந்து கமெரா தடை.

எங்களில் பாதிப்பேர் சொல்லுகினம்: இதுதான் சரியான ரூர், சின்னக் குழு, படம் இல்லை, உடம்பால் உழைத்துப் போய்ப் பார்க்கிறது. மற்றப் பாதி கேட்குது: பலி கொடுக்கப்பட்ட ஆட்களின் எலும்பைப் பார்க்க ஏன் போகவேணும்? எங்கட புதைகுழிகளுக்கு யாராவது ஹெல்மெற் போட்டு ரூர் வந்தால் விடுவமா? இரண்டு பக்கமும் இன்னும் இறங்கி வரவில்லை.

அதே பெலீஸில் 2013 மே மாதம் நோஹ்முல் என்ற மாயாப் பிரமிட்டை, தெருவுக்குக் கல் நிரப்ப, இயந்திரத்தால் இடித்து லொறியில் ஏற்றினார்கள். இரண்டு வருசம் கழித்து தெற்கே, தொலேதோ மாவட்டத்தில், சாந்தா குரூஸ் என்ற மாயாக் கிராமம் தங்கட உஷ்பென்கா இடிபாட்டுக்குள் அனுமதியில்லாமல் வீடு கட்ட வந்த ஒருவரைத் தடுத்தது. 2015 ஏப்ரலில்தான் கரீபியன் நீதிமன்றம் அந்தக் கிராமங்களின் மரபுவழி நிலவுரிமையை உறுதிப்படுத்தியிருந்தது. யூன் மாதம் பொலிஸ் வந்து, கிராமத்தாரையும் மாயா தலைவர்களின் பேச்சாளர் கிறிஸ்தினா கொக்கையும் பிடித்துக்கொண்டு போனது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. மாயா இடிபாட்டைக் காத்ததற்காக மாயர்கள் கைதான கதையை ரூர்க்காரன் சொல்லமாட்டான், ஆனால் கேட்கலாம். வழிகாட்டிக்கு இந்தப் பெயர்கள் தெரியுமா என்று முற்பணம் கட்டமுன்னம் கேட்டுப் பாருங்கோ.

இப்ப லிங்க் அனுப்பினவைக்கு நேரடியான பதில். கன்கூன் ஹொட்டேல் வரவேற்பில் விற்கிற மூன்று-இன்-ஒன்று ரூரை எடுக்காதீங்கோ. ஒரு இரவு வயடோலிட் நகரிலோ கோபா கிராமத்திலோ தங்குங்கோ, பஸ் இருக்கிறது. கோபா வாசல் திறக்கிற நேரத்துக்குப் போங்கோ, சிச்சென் இட்சாவின் சனம் அங்கே இல்லை. வாசலில் நிற்கிற அனுமதி அட்டை உள்ள வழிகாட்டிகளில் மாயா பேசுகிறவரைக் கேட்டு எடுங்கோ, பேரம் பேசிக் குறைக்காதீங்கோ. கோபாவிலிருந்து யுக்காத்தானுக்குக் குறுக்கால் யஷூனா வரைக்கும் 100 கிலோமீற்றர் போகிற பழைய வெள்ளைக்கல் தெருவைக் காட்டச் சொல்லுங்கோ, அதில் கொஞ்சத் தூரம் நடவுங்கோ. மத்தியானம் ஊருக்குள் சாப்பிடுங்கோ. பின்னேரம் புன்தா லகூனாவுக்கு ஒரு ரக்சி பிடியுங்கோ. ஸிப்லைனில் தொங்க ஆசை என்றால் அங்கே தொங்குங்கோ, நல்லாச் சத்தம் போடுங்கோ. ஆனால் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவுவது காலையிலும் வெயில் சாய்ந்த பிறகும்தான், அந்த நேரம் மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுவார்கள்.